பந்தியிலிருந்து மேசைக்கு: சிற்றூர்க் காப்பி கிளப்பும் அதன் வாடிக்கையாளரும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலிலிருந்து தொடங்குவர். அன்றேல் கோட்டையிலிருந்து தொடங்குவர். ஆரணிக்கு இரண்டும் உண்டு. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூர் மராட்டியர் வழிவந்த ஜாகிர்தார்களின் இருக்கையாக விளங்கியது. 1751ஆம் ஆண்டின் இறுதியில் ராபர்ட் கிளைவின் படையும் ராஜா சாகிப்பின் படையும் இதனருகே மோதின. 1782இல் ஐதர் அலியும் சர் அயர் கூட்டும் இதே மண்ணில் பொருதனர். இவை நூல்களில் ஏறியவை. நூல்களில் ஏறாத ஓர் இடமும் இவ்வூரில் உண்டு. இவ்வூரைப் போன்ற ஒவ்வொரு சிற்றூரிலும் உண்டு. விடியுமுன் விளக்கேற்றி, அடுப்பின் புகையைத் தெருவில் விட்டு, ஊர் எழுவதற்கு முன்பே எழுந்த இடம் அது. பெயர்ப்பலகையில் 'விலாஸ்' என்றும் 'பவன்' என்றும் 'கபே' என்றும் எழுதியிருக்கும். ஊரார் அதனை வழங்கிய பெயர் 'காப்பி கிளப்' என்பதே.

உணவு விடுதி நடத்திப் பொருளீட்டியவர்களின் வாழ்க்கை ஓரளவு எழுதப்பட்டுள்ளது. சென்னை இராயப்பேட்டையில் 1938இல் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கிய உடுப்பி கே. கிருஷ்ணராவ் சமையற்கட்டில் சிறு பணியாளாக இருந்து உயர்ந்தவர் என்பதைப் பலரும் அறிவர். ஆனால் அவ்விடுதிகளில் காசு கொடுத்து உண்டவனுக்கு வரலாறு இல்லை. அவன் எங்கே அமர்ந்தான், எவ்வாறு அழைக்கப்பட்டான், எந்தக் குவளையில் குடித்தான், எழுந்தபின் இலையை யார் எடுத்தார் என்னும் கேள்விகள் அற்பமானவையாகத் தோன்றலாம். தமிழ்நாட்டின் சென்ற நூற்றாண்டு வரலாற்றில் ஒரு பெரும்பகுதி இக்கேள்விகளைச் சுற்றியே நடந்தது.

காசுக்குச் சோறு விற்பது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தெருக்களை விரிக்குமிடத்தில் பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் காட்டுகிறது. எனினும் பிற்காலத்தில், சமைத்த சோற்றை விலைக்குத் தருவது இழிவென்றும், அதை வாங்கி உண்பது அதனினும் இழிவென்றும் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. வழிநடப்போர் கட்டுச்சோறு கொண்டு சென்றனர். செல்வரும் அரசரும் கட்டிய சத்திரங்கள் இருந்தன. ஆனால் சத்திரத்தில் உண்டவர் விருந்தினர், வாடிக்கையாளர் அல்லர். எந்தச் சாதியார் உள்ளே உண்ணலாம், எவர் அரிசி மட்டும் பெற்று வெளியே சமைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சத்திரத்தைக் கட்டியவரின் தருமமே முடிவு செய்தது. பசித்தவன் கேட்டுப் பெறலாமேயன்றி உரிமை கோர இயலாது.

சோற்றில் தரம் பிரிப்பதைப் பற்றி இப்பகுதியில் ஒரு பழைய கதையே வழங்குகிறது. 1751இல் ஆற்காட்டுக் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது அரிசி குறைந்ததெனவும், சிப்பாய்கள் தாமே முன்வந்து சோற்றை வெள்ளையர்க்கு விட்டுவிட்டு வடித்த கஞ்சியைத் தாம் குடித்துக்கொள்வதாகச் சொன்னார்களெனவும் அக்கதை கூறும். மெக்காலே அதைப் புகழ்ந்து எழுதிப் பரப்பினார். நடந்ததா என்று ஐயுறுவோர் உண்டு. நடந்திருந்தாலும், கஞ்சி யாருக்கு என்பது முற்றுகைக்கு முன்பே ஊரில் முடிவாகியிருந்த செய்திதான்.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று இரயில், மற்றொன்று காப்பி.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில் ஆரணிக்கு வாய்த்த நிலையம் ஊருக்குள் இல்லை. சில கல் தொலைவில் களம்பூரில் 'ஆரணி ரோடு' என்னும் பெயரோடு இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கியவர் மாட்டுவண்டியிலோ குதிரை வண்டியிலோ, பின்னாளில் பேருந்திலோ ஊர் வந்து சேரவேண்டும். வந்தவர் உடனே தேடியது ஒரு வாய்க் காப்பி. பட்டுநூல் கொண்டு வருவோர், சூரத்து ஜரிகை விற்போர், காஞ்சிபுரத்துக் கடைக்காரர்களுக்காகச் சேலை எடுக்க வருவோர், வழக்குக்காக வருவோர், அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றி வரும் உழவர், கலியாணத்துக்குப் பட்டெடுக்கச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து உறவினரோடு வண்டி கட்டி வருவோர் எனப் பட்டும் அரிசியும் விளையாடும் ஊரில் அயலார் வரவுக்குக் குறைவில்லை. அவர்களுக்குச் சத்திரம் போதவில்லை. சத்திரத்தில் காப்பியும் இல்லை.

காப்பிச் செடி நம் மலைகளில் ஏறியது முன்பே ஆயினும், நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் பெருந்தோட்டங்கள் எழுந்தது 19ஆம் நூற்றாண்டில். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் காப்பி நகரத்து மேற்சாதியார் வீடுகளில் நீராகாரத்தையும் பழையசோற்றையும் தள்ளிவிட்டு அடுப்படியில் அமர்ந்துகொண்டது. உடலுக்குக் கேடு, பணத்துக்குக் கேடு, பண்பாட்டுக்குக் கேடு என்று அதனை எதிர்த்து எழுதியோர் பலர். எழுதியோரில் எத்தனை பேர் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு எழுத அமர்ந்தனர் என்பதை ஆராய்ந்தால் சுவையாக இருக்கும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூல் வந்தபின், இப்பானத்துக்கு ஒரு சமூக வரலாறு உண்டென்பது தமிழ் வாசகர்க்கு நன்கு விளங்கியது.

'கிளப்' என்னும் சொல் கருதத்தக்கது. வெள்ளையர் தமக்கெனக் கட்டிக்கொண்ட மனமகிழ் மன்றத்துக்கு வழங்கிய பெயர் அது. இந்தியர் அதனுள் புக இயலாது. அப்பெயரையே எடுத்து நாற்பது பேர் நெருக்கியமரும் ஓட்டுக் கட்டடத்துக்கு இட்டுக்கொண்டனர் நம்மவர். ஏளனமாக இட்டனரா, பெருமையாக இட்டனரா என்று இப்போது சொல்வதற்கில்லை. ஆனால் மன்றத்தின் ஒரு குணமும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது: எல்லாரும் உள்ளே வரலாகாது.

அதனைச் சொல்லுமுன், உள்ளே வரமுடிந்தவன் கண்ட காட்சியைச் சற்று விரித்துச் சொல்லுதல் தகும். நெசவூரில் காலை மற்ற ஊர்களைவிட முன்னதாகவே விடியும். வெயில் ஏறுமுன் பாவைத் தெருவில் நீட்டிச் செப்பனிட வேண்டும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்துவிட்டால் எழுவது எளிதன்று. ஆகவே தறியேறுமுன் ஒரு காப்பி. நடுவில் சிறுவன் ஒருவன் தூக்கில் வாங்கிவரும் காப்பி இன்னொன்று. சௌராஷ்டிரரும் செங்குந்தரும் பிறருமாகிய நெசவாளர் குடும்பங்களில் காலைப் பலகாரம் சமைக்கும் நேரத்தைத் தறி விழுங்கிவிடும். வீட்டில் பெண்டிருக்கும் நூல் இழைப்பு, தார் சுற்றல் என்று வேலை உண்டு. ஆக, காப்பி கிளப் இங்கே ஆடம்பரமாக வரவில்லை. தறியின் துணைக்கருவியாகவே வந்தது.

கடையினுள் நுழைந்தவுடன் வலப்புறத்திலோ இடப்புறத்திலோ கல்லாப்பெட்டி. அதன் பின்னால் சாமி படங்கள், ஊதுவத்தி, ஒரு கணக்கு நோட்டு. சுவரில் பலகைகள்: 'இங்கு அரசியல் பேசக்கூடாது', 'கடன் அன்பை முறிக்கும்', 'கை கழுவும் இடம்'. முதற்பலகையின் கீழேதான் ஊரின் அரசியல் முழுதும் பேசப்பட்டது. 1942இல் 'தினத்தந்தி' தொடங்கியபின் ஒரே நாளிதழை ஏழெட்டுப் பேர் தாள் தாளாகப் பிரித்துப் படிக்க, படிக்கத் தெரியாதவர் கேட்டுக்கொண்டிருப்பது எங்கும் காணும் காட்சியாயிற்று. இரண்டாம் பலகையும் அவ்வாறே. பட்டுச் சேலை ஒன்று தறியிலிருந்து இறங்கப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். கூலி வந்தால்தான் காசு. நாட்கூலி ஊரில் ரொக்க வியாபாரம் நடக்கும். நெசவூரில் நோட்டு வியாபாரமே நடக்கும். கல்லாக்காரர் அப்பலகையை மாட்டியதும் நோட்டைத் திறந்துவைத்ததும் ஒரே கையால்தான். ஆடி மாதத்தில் பட்டு விற்பனை மந்தமானால் நோட்டு தடிக்கும். தை பிறந்து முகூர்த்தங்கள் கூடினால் மெலியும். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தால் கட்டுண்ட நெசவாளிக்கு இக்கடன் சிறியது. ஆயினும் ஊர்நடுவே நாலுபேர் காதுபடக் கேட்கப்படும் கடன் இதுவே என்பதால் சுமை பெரியது.

பரிமாறுபவருக்கு 'சர்வர்' என்றும் 'சப்ளையர்' என்றும் பெயர். என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரே மூச்சில் இட்லி முதல் இரவா உப்புமா வரை அவர் ஒப்பிப்பதைப் புதியவர் பாதிதான் பிடித்துக்கொள்வர். கடைசியாகக் காதில் விழுந்ததையே கேட்டுவிடுவர். அச்சிட்ட விலைச்சீட்டு அரிது. உண்டு எழுந்தவன் கல்லாவை அடையுமுன் சர்வரின் குரல் அடைந்துவிடும்: "கோடு போட்ட சட்டை மூணரை அணா!" பெயர் தெரியாத வாடிக்கையாளனுக்குச் சட்டையே பெயர், குடையே பெயர், வழுக்கையே பெயர். தன்னைப் பிறர் எவ்வாறு காண்கின்றனர் என்பதை ஒருவன் அறியவேண்டுமாயின் காப்பி கிளப்பில் இரண்டு இட்லி உண்டால் போதும். சாம்பாரும் சட்டினியும் கேட்குந்தோறும் வரும். அதற்குத் தனி விலை இல்லை. ஓர் இட்லிக்கு எத்தனை முறை சாம்பார் கேட்கலாம் என்பதில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வாளியைத் தூக்கிவரும் சர்வரின் முகமே அச்சட்டத்தின் காவலர்.

காப்பியைத் தரும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. டம்ளரும் டபராவும் ஆற்றுவதற்கு வசதியானவை என்பது உண்மை. அவற்றின் பின்னே எச்சில் பற்றிய அச்சமும் இருந்தது. பலர் குடித்த பாத்திரத்தில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது வழக்கம். பொதுவிடத்தில், யாரென்று அறியாதவன் குடித்த டம்ளரில் குடிப்பது அக்காலத்துக்கு ஒரு பெரும் துணிவு. அத்துணிவைப் பணத்தால் பெறமுடியாதென்று எண்ணியவருக்கு ஒரு உறுதிமொழி வேண்டியிருந்தது. அவ்வுறுதிமொழிதான் பெயர்ப்பலகையில் ஏறிய 'பிராமணாள்' என்னும் சொல்.

இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. சமைப்பவர் பிராமணர், ஆகவே எச்சாதியாரும் தயக்கமின்றி உண்ணலாம் என்பது ஒன்று. உண்ணுமிடமும் பிராமணருக்கே என்பது மற்றொன்று. முதற்பொருளுக்காகப் பலகையை மாட்டியதாகச் சொன்ன கடைகளிலும் இரண்டாம் பொருள் நடைமுறையில் இருந்தது. ஒரே அடுப்பில் வெந்த இட்லி தட்டிக்கு உட்புறம் ஒருவருக்கும் வெளிப்புறம் ஒருவருக்கும் போயிற்று. ஒரே அணாதான் விலை; இடம் மட்டும் வேறு. தாழ்த்தப்பட்டோருக்கு இவ்விரு இடங்களும் இல்லை. அவர்கள் பின்புறமோ தெருவிலோ நின்று, தாம் கொண்டுவந்த பாத்திரத்தில் உயரத்திலிருந்து ஊற்றப்பட்டதைப் பெற்றனர். அவர்கள் கொடுத்த காசு மட்டும் தட்டியைத் தாண்டிக் கல்லாப்பெட்டியில் எல்லாக் காசோடும் கலந்தது. காசுக்குத் தீட்டில்லை என்பதை வணிகர் எக்காலத்தும் அறிந்திருந்தனர்.

இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இதே பிரிவினை இருந்தது. ஐரோப்பியருக்கு ஓரிடம், பிராமணருக்கு ஓரிடம், ஏனைய இந்துக்களுக்கு ஓரிடம், முஸ்லிம்களுக்கு ஓரிடம். ஒரே சீட்டு வாங்கி ஒரே வண்டியில் நெருக்கியடித்து வந்தவர்கள் நிலையத்தில் இறங்கியதும் நான்காகப் பிரிந்தனர். இது தனியார் கடையன்று. மக்கள் பணத்தில் நடந்த நிறுவனம். ஆகவேதான் கிளர்ச்சி இங்கே கூர்மை பெற்றது. 1924–25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்க்குத் தனித்தனிப் பந்தி நடந்தது பற்றி வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி காங்கிரசையே உலுக்கியது. உண்ணும் இடம் பற்றிய சண்டை சிறுசண்டை அன்று என்பது அப்போது தெளிவாயிற்று. சுயமரியாதை இயக்கத்தார் பல்லாண்டு தொடர்ந்து நடத்திய எதிர்ப்பின் பயனாக, 1941இல் தென்னாட்டு இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்குத் தனியிடம் என்னும் முறை ஒழிந்தது.

தனியார் விடுதிகளின் பலகை அதற்குப் பின்னும் தொங்கியது. 1938இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் நிறைவேறித் தாழ்த்தப்பட்டோர்க்குப் பொதுச்சாலை, கிணறு முதலியவற்றில் உரிமை உண்டென்று சொல்லியிருந்தது. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என வெளிப்படையாகவே கூறியது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் சாப்பாட்டுக் கடை இடம்பெறுவது எல்லா நாட்டிலும் நிகழ்வதன்று. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஓரடி கீழிறங்கி, உணவகத்தில் பொதுமக்களுக்காக வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றம் என்றது. சட்டம் இயற்றியோர் டம்ளரை மறக்கவில்லை.

1957 மே மாதத்தில் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் விடுதியின் முன் கிளர்ச்சியைத் தொடங்கினார். பலகையில் உள்ள 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கவேண்டும் என்பதே கோரிக்கை. நாள்தோறும் தொண்டர்கள் சென்று நின்றனர், நாள்தோறும் கைதாயினர், மாதக்கணக்கில் இது நடந்தது. இறுதியில் சொல் நீங்கியது. அதன் பின்னர் மாநிலமெங்கும் அத்தகைய பலகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பலவிடங்களில் எவரும் வந்து கேட்கவில்லை. புதிதாக வண்ணம் பூசும்போது அச்சொல்லை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டனர். 2012இல் திருவரங்கத்தில் ஓர் உணவகம் அச்சொல்லை மீண்டும் பலகையில் ஏற்றியபோது எழுந்த எதிர்ப்பைக் கண்டோர், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்பதை உணர்ந்தனர்.

பலகை போயிற்று, டம்ளர் போகவில்லை. தாழ்த்தப்பட்டோர்க்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் தொடர்ந்தது. 1930களில் தேயிலை வாரியத்தார் ஊர் ஊராகச் சென்று இலவசமாகத் தேநீர் ஊற்றிப் பழக்கியபின், காப்பி மேல்தட்டினர்க்கும் தேநீர் உழைப்பாளிக்கும் என ஒரு பிரிவினை உருவானது. தேநீர்க் கடை எளியது. தட்டி கட்ட அங்கே இடமில்லை. ஆனால் ஓர் ஆணியில் தொங்கும் தேங்காய்ச் சிரட்டையும், ஓலையில் செருகிய அலுமினியக் குவளையும் தட்டியின் வேலையைச் செய்தன. குடித்தவனே கழுவி வைக்கவேண்டும் என்பது உடன்வந்த விதி. பின்னாளில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் குவளை வந்தபோது சில கடைகளில் அதுவே தனிக்குவளையாயிற்று: ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளை, மறு சாராருக்கு எறியும் குவளை. சுத்தத்தின் பெயரால் வந்த பொருள் பழைய வேலைக்கே அமர்த்தப்பட்டதைக் கள ஆய்வு செய்தோர் பதிவு செய்துள்ளனர்.

இதே காலத்தில் ஊரில் வேறுவகை உண்டிச்சாலைகளும் எழுந்தன. புலால் உணவு தரும் 'மிலிட்டரி ஹோட்டல்'கள் வந்தன. மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியைச் சேர்ந்தோர் 1930களில் காரைக்குடியில் தொடங்கிய முனியாண்டி விலாஸ் பல ஊர்களுக்கும் பரவியது. ஆண்டுதோறும் தைமாதத்தில் அவ்வுணவக உரிமையாளர்கள் சொந்த ஊரில் கூடி முனியாண்டி சாமிக்குப் படைத்துப் பிரியாணியையே பிரசாதமாக வழங்குவர். வட ஆற்காட்டுப் பகுதிக்கோ பிரியாணி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி, ஆரணி ஆகிய ஊர்ப்பெயர்களே பிரியாணியின் வகைப்பெயர்கள் ஆயின. நவாபின் சமையற்கட்டிலிருந்து அது தெருவுக்கு வந்தது என்று சொல்லும் வழக்கு உண்டு. தேக்சாவைத் திறந்து, கத்திரிக்காய்த் தொக்கோடு அளந்து வைக்கும் அக்கடைகளில் 'பிராமணாள்' பலகைக்கு வேலையே இல்லை. சேலை முடித்துக் கூலி பெற்ற நாளில் நெசவாளி காப்பி கிளப்பின் நோட்டுக் கடனை முதலில் அடைப்பானா, பிரியாணிக் கடைக்கு முதலில் போவானா என்பது கல்லாக்காரர் கவலை.

போர்க்காலம் வாடிக்கையாளனை வேறு வகையில் சோதித்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அளவுச் சாப்பாடு வந்தது. சில்லறைத் தட்டுப்பாடு வேறு. உலோகத்தை மிச்சப்படுத்த 1943இல் நடுவே துளையிட்ட காலணாவை அரசு வெளியிட்டது. 'ஓட்டைக் காலணா' என்று ஊரார் அழைத்தது அதனையே. புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எழுதிய ஆண்டும் 1943. சென்னைக்கு வரும் கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை முதலில் அழைத்துச் செல்லுமிடம் கோயில் அன்று, காப்பி ஹோட்டல். காப்பியில் சிக்கரி கலப்பதைப் பற்றி அங்கே பேச்சு எழுகிறது. அவ்வாண்டில் அக்கதையைப் படித்தவர்க்குச் சிக்கரி வெறும் நகைச்சுவை அன்று. நாள்தோறும் நாவில் பட்ட குறை.

1957 ஏப்ரல் 1இல் பதின்மக் காசு முறை வந்தபோது எழுந்த பூசலும் கல்லாவில்தான் நடந்தது. பதினாறு அணா நூறு நயா பைசாவானது. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கோ நாணயம் இல்லை. அரசு அட்டவணைப்படி ஓர் அணாவுக்கு ஆறு, இரண்டு அணாவுக்குப் பன்னிரண்டு, மூன்று அணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து. ஓர் அணாக் காப்பியை நான்குமுறை தனித்தனியே குடித்தவன் இருபத்துநான்கு பைசா கொடுத்தால் போதும். நான்கு பேருக்குச் சேர்த்துக் கொடுத்தவன் இருபத்தைந்து கொடுக்கவேண்டும். நட்புக்கு ஒரு பைசா அபராதம் என்று கேலி செய்யத் தக்க இக்கணக்கு, நோட்டுக் கடன் உள்ள நெசவாளிக்குக் கேலியாக இராது. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு உணவை விட்டுவிடுமாறு நாட்டைக் கேட்டுக்கொண்டபோது உணவு விடுதிகள் அன்றிரவு அடுப்பை அணைத்தன. அரிசித் தட்டுப்பாடு 1967 தேர்தல் வரை நீண்டு, படியரிசி வாக்குறுதியாகி, ஆட்சியையே மாற்றிற்று.

பெண்கள் இவ்வரலாற்றில் நெடுங்காலம் இல்லை. இல்லத்தரசி ஹோட்டலில் உண்பது தகாது என்னும் எண்ணம், சாதித் தட்டி போனபின்னும் இருந்தது. அவளுக்கெனத் திரைச்சீலை தொங்கும் 'பேமிலி ரூம்' வந்தது. முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்கள் ஆரணி போன்ற ஊர்களில் அவ்வறைகளுக்குப் பிழைப்பளித்தன. பட்டைத் தேர்ந்தெடுப்பதில் பெண்ணின் சொல்லே முடிவானது. பகல் முழுதும் கடைகடையாக ஏறி இறங்கியபின் அவள் பசியைத் திரைக்குப் பின்னாலாவது ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும். தூக்குப்பாத்திரத்தில் வாங்கிச் செல்லும் 'எடுப்புச் சாப்பாடு' இருந்தது. அதையும் வாங்கவந்தவன் ஆணாகவோ சிறுவனாகவோ இருந்தான்.

சிறுவன் என்றதும் சொல்லவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வாடிக்கையாளனின் நினைவில் சர்வர் இருப்பார்; 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் அவருக்கு ஒரு முகமும் கொடுத்துவிட்டார். மேசை துடைத்த சிறுவன் எவர் நினைவிலும் இல்லை. எச்சில் இலையைச் சர்வர் தொடமாட்டார், அதற்கென்றே ஒருவன். ஊரை விட்டு ஓடிவந்தவன், தந்தை கொண்டுவந்து விட்டவன், முன்பணத்துக்கு ஈடாக வந்தவன் என அவன் பலவாறு வந்தான். சோறும் படுக்க இடமும் கிடைத்தன. கூலி சில வேளை கிடைத்தது. 1958ஆம் ஆண்டின் சென்னை உணவு நிறுவனச் சட்டம் விடுதித் தொழிலாளர்க்கு வேலைநேரம், விடுமுறை ஆகியவற்றை வரையறுத்தது. எனினும் மேசைத்துணியேந்திய சிறுவன் எங்கும் இருந்தான். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவையும் சாயத்தையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆயினும் குடும்பத்தார் துணையோடு நடத்தும் தொழிற்கூடங்களுக்கு விலக்களித்தது. தறிகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்த ஊரில் அவ்விலக்கின் பொருள் யாவர்க்கும் விளங்கும். உணவு விடுதி அப்பட்டியலில் சேர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 2006 அக்டோபர் 10 முதல் உணவகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்தல் தடை செய்யப்பட்டது. தறியடியில் தார் எடுத்துக் கொடுத்த சிறுவனுக்குத் தூக்கில் காப்பி ஊற்றிக் கொடுத்தவனும் சிறுவனே. அவ்விருவரும் எத்தனை ஆண்டுகள் ஒருவரையொருவர் நாளும் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதை எந்தக் கணக்கு நோட்டும் சொல்லாது.

மாற்றங்கள் பின்னர் விரைந்து வந்தன. 1950களில் கோயம்புத்தூரில் உருவான மாவரைக்கும் இயந்திரம் ஆட்டுக்கல்லை ஓரங்கட்டியது. காலைப் பலகாரமாயிருந்த தோசை மாலையிலும் கிடைத்தது. பித்தளை போய் எவர்சில்வர் வந்தது. சர்வரின் குரல் போய் அச்சிட்ட பில் வந்தது; கோடு போட்ட சட்டை ஒரு மேசை எண்ணாயிற்று. நோட்டுக் கணக்கு போயிற்று. 2013இல் சென்னையில் அரசே ஒரு ரூபாய்க்கு இட்லி விற்கத் தொடங்கி, அம்மா உணவகங்கள் மற்ற நகரங்களுக்கும் சென்றன. அங்கே எல்லாரும் நின்றுகொண்டே, ஒரே வரிசையில் உண்டனர். 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது இட்லியின் விலைக்குக் கீழே இரண்டு வரிக்கோடுகள் சேர்ந்தன. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைகளுக்கும் உறிஞ்சுகுழல்களுக்கும் தடை வந்ததும் பொட்டலம் மீண்டும் வாழையிலைக்கும் பாக்குமட்டைக்கும் திரும்பியது. சிலர் வீட்டிலிருந்து தூக்குப்பாத்திரத்தைத் தேடி எடுத்தனர்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. உணவகத்தில் அமர்ந்து உண்ணல் ஆகாது, வாங்கிச் செல்லலாம் என்றனர். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசலில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு, அதற்கு அப்பால் நின்றவர்க்குப் பொட்டலத்தை நீட்டினர். பட்டு விற்பனையும் கலியாணங்களும் நின்று தறிகள் ஓய்ந்திருந்த நாட்கள் அவை. யாராயினும் பெஞ்சுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். யாராயினும் தொடாமல்தான் வாங்கவேண்டும். ஜூன் 8 முதல் பாதி இருக்கைகளில் அமரலாம் என அரசு அறிவித்தது. கவிழ்த்த நாற்காலிகளில் ஒன்றுவிட்டு ஒன்றை இறக்கித் துடைத்து வைத்தார்கள்.